வெள்ளைக் கிழங்கும் முதல் கடியும்

முள்ளம்பன்றி சிலுப்பி ஒரு கருணைக் கிழங்கைக் கடித்து இரண்டாகப் பிளந்தாள். சின்னத் துண்டைத் தன் வாயில் போட்டு நன்றாக மென்றாள். விழுங்கினாள். பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

"ம், இப்ப எடுத்துக்கோ!" என்றாள்.

எதிரே நின்ற மந்தி செவ்வாயி மீதிக் கிழங்கை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை வைத்தாள்.

"கடிச்சாப் போதாதா அக்கா? வாயை வேற திறந்து காட்டணுமாக்கும்! உன் கிழங்கை நான் கண்ணை மூடிக்கிட்டுத் தின்பேனே!"

"நீ கண்ணை மூடிக்கோ. நான் வாயைத் திறக்கிறேன். விழுங்கினது தெரியணும்ல!" என்றாள் சிலுப்பி.

ஏரிக்கரை மருதமரத்தடியில் கூடும் அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் இருந்தது. எதைக் கொண்டு வந்தாலும் கொண்டு வந்தவரே முதலில் ஒரு வாய் தின்ன வேண்டும். அதற்கு முதல் கடி என்று பெயர். கரடி தேனடை கொண்டு வந்தால் கரடிதான் முதலில் நக்க வேண்டும். கரடிக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. சில நாள் முதல் நக்கிலேயே தேனடை காலியாகிவிடும், அது வேறு விஷயம்.

கருணைக் கிழங்குக்கு முதல் கடி மிக மிக அவசியம். ஏன் என்று கருணை தின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தோண்டிய சூட்டோடு தின்றால் நாக்கு அரிக்கும், தொண்டை காறும். அதனால் காட்டில் கிழங்கு தோண்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள். மேலே ஒட்டிய மண்ணைத் தட்ட மாட்டார்கள். மண்ணோடு அப்படியே பாறை இடுக்கில் காற்றாடப் போட்டுவிடுவார்கள். கிழங்கு மெல்ல மெல்லப் பழசாகும். அரிப்பு அடங்கும். பார்க்க அழுக்கு உருண்டை மாதிரி இருக்கும். ருசியோ அள்ளிக்கொண்டு போகும்!

சிலுப்பியின் நிலம் வடக்கு ஓடைக் கரையில் இருந்தது. ஒரு துண்டு நிலம்தான். தோண்டும்போது கிழங்கின் முளையை மட்டும் மண்ணுக்குள் திரும்பப் புதைத்துவிடுவாள். மழை வந்ததும் அது துளிர்க்கும். அவளுக்கும் அவளுடைய இரண்டு குட்டிகளுக்கும் அந்த நிலம்தான் சோறு.

பக்கத்து நிலம் முயல் காதனுடையது. அதற்கடுத்தது பெருச்சாளி பொந்தனுடையது. ஓடைக்குத் தெற்கே இருந்த பெரிய சரிவு முழுவதும் காட்டுப்பன்றி கோரையனுடையது.

இந்தப் பொந்தன் இருக்கிறானே, அவனால் வந்தது வினை. ஒரு சந்தை நாளில் அவன் அழுகின கிழங்கைக் கொண்டு வந்துவிட்டான். முதல் கடி கடித்தான். ஆனால் விழுங்கவில்லை! கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் மரத்துக்குப் பின்னால் துப்பிவிட்டான். அந்தக் கிழங்கை வாங்கித் தின்றது யார் தெரியுமா? காட்டு அரசி பெருநாச்சியின் செல்லக் கன்று. யானைக் கன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டதில் நாலைந்து மூங்கில் புதர்கள் நாசமாகின. எப்படியோ பிழைத்துக்கொண்டது.

பெருநாச்சி பிளிறினாள். மருதமர இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"இனிமே இந்தச் சந்தையில கண்டவன் கண்டதையும் கொண்டுவந்து கொட்டக் கூடாது! ஒரு விதி வேணும். சாப்பாட்டு விஷயம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, என்ன விதி போடலாம்?"

அரசி கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொன்னவன்தான் நியாயமானவன் இல்லை.

கோரையன் முன்னால் வந்து தலை வணங்கினான்.

"தாயே, நோய் எங்கேருந்து வருது? மண்ணுலேருந்து! இந்தச் சின்னச் சின்ன ஆளுங்க மண்ணும் தூசியுமா கிழங்கைக் கொண்டு வர்றாங்க. பார்க்கவே அருவருப்பா இருக்கு. நான் சொல்றேன், மண்ணு ஒட்டின கிழங்கு சந்தைக்குள்ளயே வரக் கூடாது. தோண்டின அன்னைக்கே வழுக்குப்பாறை அருவியில கழுவணும். கழுவி வெள்ளை வெளேர்னு ஆன கிழங்கை ஒருத்தர் சோதிச்சு, குறி போடணும். குறி இல்லாத கிழங்கை யாரும் தொடக் கூடாது!"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோரையனுக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடியது. அவன் தோண்டுகிற வேகத்துக்கு, கிழங்கைப் பழசாக்கப் பாறை இடுக்கு போதவில்லை. காத்திருக்கவும் அவனுக்குப் பொறுமை இல்லை. தோண்டின அன்றே தள்ளிவிட வேண்டும். அதற்கு ஒரு விதி கிடைத்தால் கசக்குமா?

"வழுக்குப்பாறை உன் எல்லையிலதானே இருக்கு?" என்று கேட்டாள் பெருநாச்சி.

"இருக்கட்டுமே தாயே! எல்லாரும் வரட்டும். நானா தடுக்கப்போறேன்?"

குறி போடும் பதவி கொக்கு வெள்ளையப்பருக்குப் போனது. சுத்தத்துக்கு அவரை விட்டால் ஆள் யார்? உடம்பில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. கிழங்கு மட்டும் அவர் வாழ்நாளில் தின்றதில்லை. அவருக்கு மீனும் தவளையும்தான். சேற்றில் தவளை பிடித்த அலகாலேயே ஒவ்வொரு கிழங்கிலும் ஒரு குத்துக் குத்துவார். அதுதான் குறி! குறி வந்த பிறகு முதல் கடியைக் கேட்பார் இல்லை.

கோரையன் சொன்னபடியே யாரையும் தடுக்கவில்லை. ஆனால் அருவியடியில் எப்போது போனாலும் அவனுடைய கிழங்குகள் மலையாகக் குவிந்திருக்கும். அவை கழுவி முடிந்த பிறகுதான் மற்றவர்கள் முறை. முயல் காதன் தன் கிழங்கை உருட்டிக்கொண்டு வடக்கு ஓடையிலிருந்து தெற்குச் சரிவுக்குப் போவான். அவன் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"தோண்டியது நேற்று. கழுவியது இன்று. செல்லாது!" என்பார் வெள்ளையப்பர்.

காதன் எத்தனை தரம் நடப்பான்? கடைசியில் ஒரு நாள் காதுகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிலுப்பியிடம் வந்தான்.

"அக்கா, நான் என் நிலத்தைக் கோரையண்ணன்கிட்ட விட்டுட்டேன். அவர் ஆளா அந்த நிலத்தையே தோண்டி, கிழங்கை அவர் சேமிப்புக் குழியில கொட்டுறேன். வயித்துக்கு ஏதோ போடுறேன்னு சொல்லியிருக்கார்."

சிலுப்பிக்கு முட்கள் எல்லாம் விறைத்து நின்றன.

"ஏன்டா, உன் நிலத்தை நீயே தோண்டி இன்னொருத்தன் குழியில போடுவியா? உனக்கு மூளை காதுலயா இருக்கு?"

"வேற வழி தெரியலக்கா. கோபிச்சுக்காதே. பொந்தன் விட்டுட்டான். காட்டுக்கோழிங்க விட்டுட்டாங்க. எல்லார் கிழங்கும் இப்ப ஒரே குழிக்குத்தான் போகுது. உன்னையும் வரச் சொன்னார்."

"நான் வரலேன்னு போய்ச் சொல்லு!"

காதன் போய்ச் சொன்னான். அடுத்த நாளே வெள்ளையப்பர் வந்துவிட்டார். சிலுப்பியின் பாறைமேல் ஒற்றைக் காலில் நின்றார். இன்னொரு காலைக் கீழே வைக்க அவருக்கு மனமில்லை. இடுக்கில் வரிசையாகக் கிடந்த பழைய கிழங்குகளைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"மண்!" என்று அலறினார்.

"ஆமாங்க ஐயா, மண்ணுதான். கிழங்கு மண்ணுலதானே விளையுது? மண்ணு ஒட்டாம மல்லிகைப்பூவா ஒட்டும்?"

"வாயாடாதீர்கள்! விதி என்றால் விதி. மழைக்கு முந்தின கடைசிச் சந்தைக்கு நீங்கள் வெள்ளைக் கிழங்கு கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் இந்த நிலம் கோரையன் வசம் ஒப்படைக்கப்படும். விதிப்படி கிழங்கு கொடுக்கத் தெரிந்தவரிடம்தான் நிலம் இருக்க வேண்டும் என்று அரசி ஒப்புக்கொண்டுவிட்டார்."

"ஐயா, நீங்க ஒரு தரமாவது கருணைக் கிழங்கு தின்னிருக்கீங்களா?"

"அதற்கும் பதவிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு வெள்ளையப்பர் பறந்து போனார்.

சிலுப்பி குட்டிகளைப் பார்த்தாள். அவை இரண்டும் பாறை நிழலில் ஒன்றையொன்று குத்திக்கொண்டு விளையாடின. நிலம் போனால் இவர்கள் எங்கே போவார்கள்? கோரையன் குழிக்குக் கிழங்கு தள்ளவா? சரி, முரண்டு பிடித்து என்ன ஆகப்போகிறது, விதிப்படியே செய்துதான் பார்ப்போமே என்று முடிவு செய்தாள்.

விடிந்ததும் புதுக் கிழங்கு தோண்டினாள். பெரிய தேக்கிலையில் வைத்துக் கொடியால் கட்டி, அருவிவரை இழுத்துக்கொண்டு ஓடினாள். கெஞ்சிக் கூத்தாடி முறை வாங்கிக் கழுவினாள். கிழங்கு பளபளவென்று வெள்ளையாக மின்னியது. வெள்ளையப்பர் கூட மெச்சிக்கொண்டார்.

"ஆகா! இப்போது எப்படி இருக்கிறது பாருங்கள்!" என்று குறி போட அலகை ஓங்கினார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா, முதல் கடி இருக்கே!" என்று சொல்லிச் சிலுப்பி ஒரு துண்டு கடித்தாள்.

அவ்வளவுதான். நாக்கில் நெருஞ்சி முள்ளை அள்ளிப் போட்டது போல் இருந்தது. கண்ணில் நீர் கொட்டியது. ஓடிப்போய் ஒரு வாய் புளியங்கொழுந்தைப் பறித்து மென்ற பிறகுதான் பேச்சே வந்தது.

"இதை நான் யாருக்கும் தர மாட்டேன்" என்றாள்.

"ஏன்? இது சுத்தமாக இருக்கிறதே!"

"என் நாக்கே ஏத்துக்கல ஐயா. இதை எப்படி இன்னொருத்தி குட்டிக்குத் தருவேன்? நிலம் போனாலும் தர மாட்டேன்!"

சொன்னதோடு நிற்கவில்லை. கழுவின கிழங்கு அத்தனையையும் திரும்ப இழுத்துக்கொண்டு வந்து, ஈர மண்ணைப் பூசிப் பாறை இடுக்கில் அடுக்கினாள். அந்த வழியே போன பொந்தன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கோடை முற்றியது. மரங்களில் பழம் தீர்ந்தது. காட்டுக்கே கிழங்குதான் கதி என்றாகிவிட்டது. கிழங்கு என்றால் கோரையன் குழிக் கிழங்குதான். எல்லாம் வெள்ளை. எல்லாவற்றிலும் குறி. அடுக்கி வைத்தால் அத்தனை அழகு!

தின்றவர்களின் கதையை ஏன் கேட்கிறீர்கள்! மான் மரத்தில் நாக்கைத் தேய்த்தது. கரடி தொண்டையைச் சொறிய வழி தெரியாமல் கழுத்தைச் சொறிந்துகொண்டது. முள் எலிகள் பேசுவதை நிறுத்திவிட்டன. யாராவது முறையிடப் போனால் வெள்ளையப்பர் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"மண் இருக்கிறதா? இல்லை. குறி இருக்கிறதா? இருக்கிறது. அரிப்பைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. போய் வாருங்கள்!"

"இது யார் தோண்டின கிழங்கு? அதையாவது சொல்லுங்க!" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எல்லார் கிழங்கும் ஒரே குழிக்குள் போய்விட்டதே! யாரைப் பிடித்துக் கேட்பது?

கோரையனிடம் போனால் அவன் வேறு பாட்டுப் பாடினான்.

"எனக்கு ஒண்ணும் அரிக்கலியே! அரசிக்குத் தினமும் நான்தான் கிழங்கு அனுப்புறேன். அவங்களே ஒண்ணும் சொல்லல. உங்க நாக்குலதான் கோளாறு!"

ஒரு மதியம் செவ்வாயி தன் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிலுப்பியிடம் ஓடி வந்தாள். குட்டியின் தொண்டை வீங்கியிருந்தது. அதனால் பாலைக்கூட விழுங்க முடியவில்லை. சிலுப்பி பதறிப்போய்ப் புளியங்கொழுந்தை மென்று குட்டி வாயில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழத் தொடங்கியது. அழுகை வந்ததே பெரிய நிம்மதியாக இருந்தது.

"அக்கா, உன்கிட்ட பழைய கிழங்கு இருக்குல்ல? ஒண்ணே ஒண்ணு குடு! யாருக்கும் தெரியாம நான் மரத்து உச்சியில வெச்சுத் தின்னுக்கிறேன்" என்று செவ்வாயி அழுதாள்.

சிலுப்பி ஒரு கிழங்கை எடுத்து, முதல் கடி கடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டு நீட்டினாள்.

"உன் குட்டிக்கு இது. இதைத் தின்ன ஒளிய வேண்டாம், இங்கேயே, என் பாறைமேலேயே உட்கார்ந்து தின்னு. ஆனா நாளைக்கு மான் வரும். நாளன்னைக்குக் கரடி வரும். எல்லாரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னா, நான் நல்ல கிழங்கு வெச்சிருக்கிற திருடி ஆயிடுவேன். அவன் கெட்ட கிழங்கு வெச்சிருக்கிற பெரிய மனுஷனாவே இருப்பான். இது சந்தையில, எல்லார் முன்னாலயும் தீரணும்!"

"நாளைக்குத்தானே கடைசிச் சந்தை? உன் நிலத்தைப் பிடுங்கப் போறாங்களே!"

"அதனாலதான் நாளைக்கே போறேன்" என்றாள் சிலுப்பி.

மறுநாள் காலை மருதமரத்தடியில் கூட்டம் நெரிந்தது. பெருநாச்சி கன்றோடு நடுவில் நின்றாள். ஒரு பக்கம் கோரையனின் வெள்ளைக் கிழங்குக் குவியல். அதன் பக்கத்தில் காதனும் பொந்தனும் ஏவலுக்கு நின்றார்கள். வெள்ளையப்பர் குவியலின் உச்சியில் ஒற்றைக் காலில் நின்றார்.

சிலுப்பி தேக்கிலை மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். குட்டிகள் பின்னால் வந்தன. மூட்டை அவிழ்ந்தது. மண் படிந்த கிழங்குகள் உருண்டன.

"மண்! மண்!" என்று அலறினார் வெள்ளையப்பர். "அரசியாரே, பாருங்கள்! கடைசிச் சந்தைக்கும் இந்த அம்மாள் விதியை மீறிவிட்டார். நிலத்தைக் கோரையன் வசம் ஒப்படைக்க உத்தரவிடுங்கள்!"

"சிலுப்பி, என்ன இது? என் கன்னு செத்துப் பிழைச்சுது. அதுக்காகத்தான் விதி போட்டேன். உனக்கு அது விளையாட்டாப் போச்சா?" என்று பெருநாச்சி அதட்டினாள்.

சிலுப்பியின் முட்கள் கலகலவென்று சத்தம் போட்டன. ஆனாலும் அவள் ஓர் அடி முன்னால்தான் வைத்தாள்.

"விளையாட்டு இல்ல தாயே. உங்க கன்னு மாதிரி எத்தனையோ குட்டிங்க இங்க இருக்கு. நிலத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். புது விதி வந்ததும் முதல் கடியை ரத்து பண்ணிட்டீங்களா?"

பெருநாச்சி காதை ஆட்டி யோசித்தாள். "இல்லியே! நான் அப்படிச் சொல்லலியே!"

"அப்ப இதோ என் முதல் கடி!"

சிலுப்பி மண் படிந்த கிழங்கைக் கடித்துப் பிளந்தாள். மென்றாள். விழுங்கினாள். வாயைத் திறந்து நாலு பக்கமும் திரும்பிக் காட்டினாள். பிறகு குவியலைப் பார்த்துச் சொன்னாள்:

"இப்ப கோரையண்ணன் அவர் கிழங்குல ஒரு கடி கடிக்கட்டும்! கடிச்சு, முழுங்கி, வாயைத் திறந்து காட்டட்டும். காட்டிட்டா, என் நிலத்தை நானே தோண்டி அவர் கையில குடுத்துட்டுப் போறேன்!"

எல்லார் கண்ணும் கோரையன் மேல் திரும்பியது.

கோரையன் சிரித்தான். "அதுக்கென்ன, கடிச்சாப் போச்சு! ஆனா பாருங்க தாயே, இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தேன்."

"ஒரு கடிக்கு இடமில்லாத வயிறா உனக்கு?" என்றாள் பெருநாச்சி.

"பல்லு வேற கொஞ்சம் வலிக்குது..."

"நேத்து வேலிமரத்தையே அந்தப் பல்லாலதானே சாய்ச்சீங்க!" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது.

பெருநாச்சிக்கும் ஒன்றும் புரியவில்லை. "எனக்கு நீ அனுப்புற கிழங்கு நல்லாத்தானே இருக்கு கோரையா? அதுல ஒண்ணைக் கடிக்க என்ன தயக்கம்?"

கோரையனுக்கு வேர்த்தது. சட்டென்று ஒரு யோசனை வந்தது. காதனைப் பக்கத்தில் இழுத்துக் காதுக்குள் முணுமுணுத்தான்.

"டேய், என் வீட்டு இடுக்குலேருந்து ஒரு கிழங்கு எடுத்துக் கழுவிக் கொண்டு வா. சீக்கிரம்!" பிறகு உரக்கச் சொன்னான்: "அரசி முன்னால கடிக்கிறதுன்னா சாதாரணக் கிழங்கா? இருக்கிறதுலயே பெரிசா ஒண்ணு வரட்டும்!"

காதன் ஓடினான். கோரையன் வீடு பக்கம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்தில் காதன் என்ன பாடுபட்டான் என்று அவனுக்குத்தான் தெரியும். கழுவிக் கொண்டுபோனால் நாளைக்கும் வயிற்றுக்கு ஏதோ கிடைக்கும். கழுவாமல் கொண்டுபோனால்? தன் நிலத்தைத் தான் தோண்டி இன்னொருவன் குழியில் போடும்போதெல்லாம் சிலுப்பியக்கா கேட்ட கேள்வி அவன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கிழங்கை எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஓடையின் ஓரம் ஒரு நிமிடம் நின்றான். தண்ணீரைப் பார்த்தான். கிழங்கைப் பார்த்தான். பிறகு ஓடையைத் தாண்டிக் குதித்து, நேரே சந்தைக்கு ஓடினான்.

வந்து கிழங்கை அரசியின் காலடியில் வைத்தான். அது கன்னங்கரேல் என்று மண் அப்பிக் கிடந்தது.

வெள்ளையப்பருக்குப் பழக்கம் விடுமா? கண்ணில் பட்டதும் அலறினார்.

"மண்! யாருடைய கிழங்கு இது? இந்த அருவருப்பை யார் சந்தைக்குள் விட்டது? அவருடைய நிலத்தையும் பறிக்க வேண்டும்!"

"பறிச்சுக்குங்க ஐயா. இது எங்க முதலாளி வீட்டுக் கிழங்கு!" என்றான் காதன்.

வெள்ளையப்பரின் தூக்கிய கால் முதல்முறையாகக் கீழே வந்தது.

"அவர் தினமும் திங்கிறது இதுதான். மண்ணோட பழசாக்கின கிழங்கு. தாயே, உங்களுக்கு அனுப்புறதும் இதேதான். உங்களுக்கு மட்டும் கடைசியில கழுவி அனுப்புவோம். கழுவுறதே நான்தான். குழிக் கிழங்கை அவரும் தொட மாட்டார், உங்களுக்கும் அனுப்ப மாட்டார்." காதன் அதோடு நிறுத்தவில்லை. "கழுவிக் கொண்டு வரச் சொன்னார். நான் கழுவல."

பெருநாச்சி துதிக்கையை நீட்டிக் குவியலிலிருந்து ஒரு வெள்ளைக் கிழங்கை எடுத்தாள். அழகான கிழங்கு. நடுவில் அலகுக் குறி. அதைக் கோரையன் முன்னால் வைத்தாள்.

"முதல் கடி" என்றாள்.

அவள் அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கோரையன் கடித்தான். மென்றான். விழுங்கினான். மீசை துடிக்க நின்றான்.

"ருசியா இருக்கு தாயே! ரொம்ப ருசி... ரொம்ப லுசி... லு... லு..."

அதற்கு மேல் நாக்கு வாய்க்குள் நிற்கவில்லை. வெளியே தொங்கியது. "ஊ! ஊ!" என்று கத்திக்கொண்டு புளியமரத்தைத் தேடி அவன் ஓடிய ஓட்டத்தில் வெள்ளைக் கிழங்குக் குவியல் சரிந்து, வெள்ளையப்பர் ஏரிச் சேற்றில் போய் விழுந்தார். நாக்கு வீங்கிய மான்கூட விழுந்து விழுந்து சிரித்தது.

பெருநாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பு என்னுது" என்றாள். "விதி வேணும்னு நான் நினைச்சது தப்பில்ல. என் விதியால எல்லாரும் தின்ன அந்தக் குழிக் கிழங்கை நானும் ஒரு நாள் தின்னு பார்த்திருக்கணும். பார்க்கல."

அன்றைக்கே விதி மாறியது. நிலம் விட்டுப்போனவர்களுக்கு அவரவர் நிலம் திரும்பக் கிடைத்தது. அவரவர் கிழங்கு அவரவர் குவியலில்தான் இருக்க வேண்டும். யார் கிழங்கால் யாருக்கு வயிறு வலித்தாலும் நேரே போய்க் கேட்கலாம். முதல் கடி கடித்தால் போதாது, விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். இதைச் சொல்லும்போது அரசி பொந்தனை முறைத்தாள். அவன் இரண்டு கன்னத்தையும் தொட்டுக் காட்டி, ஒன்றும் இல்லை என்றான்.

கோரையனுக்கும் அவனுடைய தெற்குச் சரிவு இருந்தது. யாரும் பிடுங்கவில்லை. ஆனால் சந்தைக்கு எவ்வளவு கொண்டு வந்தாலும் ஒவ்வொரு குவியலுக்கும் அவனே முதல் கடி கடிக்க வேண்டும். பழசாகாத கிழங்கைக் கொண்டு வரும் ஆசை அவனுக்கு அத்தோடு போய்விட்டது. வெள்ளையப்பருக்கு வேலை போகவில்லை. அழுகல் இருக்கிறதா என்று பார்ப்பார், அலகைக் கழுவிக்கொண்டு வந்து பார்ப்பார்.

சிலுப்பி அதற்கெல்லாம் நின்று கைதட்டவில்லை. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முளைகளைப் புதைக்க வேண்டுமே!

"காதா, நின்னு என்ன பார்க்கிற? மழை வருது! உன் நிலம் கிடக்கிற கிடைக்கு இன்னைக்கு முழுக்கத் தோண்டணும். வா, நானும் வர்றேன்!"

"உன் நிலம்?"

"அதை என் குட்டிங்க பார்த்துக்கும். நடடா!"

இருவரும் ஓடைக் கரைக்கு ஓடினார்கள். முதல் தூறல் விழும்போது காதன் தன் நிலத்தில், தன் காலால், தன் கிழங்கின் முளையை மண்ணுக்குள் தள்ளிக்கொண்டிருந்தான்.

அடுத்தவர் வாய்க்கு விதி போடுகிறவர், முதலில் அதே உணவில் ஒரு வாய் தின்று விழுங்கிக் காட்ட வேண்டும்.